முகம் பார்த்துச் சொல்லித் தருகிற வாத்தியார்

நல்ல டியூசன் வாத்தியார் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சங்கரன்கோவிலில் தறி ஓடுகிற தெருக்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பொம்பளப் பிள்ளைய நிமிந்து பாக்க மாட்டாரு." கணக்கு தெரியுமா, இங்கிலீசு வருமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நல்லக்கண்ணுவும் தன் மகள் ஆவுடைக்கு அப்படி ஒரு வாத்தியாரைத்தான் தேடினார். கண்டும் பிடித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

நல்லக்கண்ணுவுக்குப் பூர்வீகம் பனவடலிசத்திரத்துக்கு மேற்கே மானாவாரிக் காடு. மழை ஏமாற்றி ஏமாற்றி, பருத்தியும் போய், கிடந்த நாலு ஆட்டையும் விற்றுத் தின்ற பிறகு, பெண்டாட்டி வள்ளித்தாயையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து விசைத்தறியில் நின்ற மனிதர். முதலாளி வீட்டு முன்கட்டில் தறிகள், பின்கட்டில் இவர்கள் குடித்தனம். வாடகை கிடையாது. அதற்குப் பதில், கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் தறி ஓடியாக வேண்டும். ஆவுடைக்குத் தொட்டில் கட்டியதே தறிக்கு மேல் ஓடுகிற உத்தரத்தில்தான். "இந்தச் சத்தத்துலயும் எப்படித் தூங்குது பாரு, தங்கமான பிள்ள" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். நடக்கத் தெரிந்ததும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றப் பழகிக்கொண்டாள்.

தறி ஓடுகிற வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு என்ன பிரயோசனம்? கழிவு நூலை எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி முதுகில் எறிவார்கள். திரும்பிப் பார்த்தால் கையால் பேச்சு. கட்டைவிரல் வாய்ப்பக்கம் போனால் காப்பி. சுட்டுவிரலைச் சுற்றினால் தார் தீரப்போகிறது. மிச்சம் மீதியை ஆளுக்கு எதிரே போய் நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து கத்திச் சொல்ல வேண்டும். அப்படியே பழகிவிட்டதால் கரண்ட் போன நேரத்திலும் வள்ளித்தாய் கத்திக்கொண்டுதான் இருப்பாள். "ஏட்டி, சண்ட போடுதியா, பேசுதியா?" என்று எதிர்வீட்டு மாடத்தி கேலி பண்ணுவாள்.

எண்பத்து மூன்றாம் வருசம் ஆவுடை பத்தாம் வகுப்பு. சின்ன வகுப்பில் நன்றாகத்தான் படித்தாள். போர்டில் எழுதிப் போட்டதை முத்து முத்தாக எழுதிக்கொண்டு வருவாள். வரலாறு, பூகோளம் எல்லாம் புத்தகத்தைப் பார்த்து உருப்போட்டால் ஆயிற்று. கணக்கு அப்படி இல்லையே. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பார்த்து நல்லக்கண்ணு அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

"பெயிலாப் போச்சுன்னா என்ன செய்ய?" என்றாள் வள்ளித்தாய். "பக்கத்து முதலாளி பொம்பள ஆளு வேணும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. ரெண்டு தறியப் பிடிச்சிக் குடுத்தா நின்னு ஓட்டிட்டுப் போறா."

"வாயக் கழுவுட்டி" என்றார் நல்லக்கண்ணு. "நான் நிக்கது போதும். எம் பிள்ள தறியில நிக்கப்படாது. பத்து பாசானா நர்சுக்குப் போகலாம்னு சொல்லுதாவ. வெள்ளச் சேல உடுத்திக்கிட்டு, சத்தமில்லாத எடத்துல வேல பாக்கட்டும்."

அவருக்கு அந்த ஒரு ஆசைதான். சத்தமில்லாத இடம்.

முதலில் குருசாமி சார். ரிட்டையர் ஆனவர், மச்சில் பாய் விரித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பார். கையில் அடிஸ்கேலோடு பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொல்லிக் கொடுப்பது அவர் பழக்கம். அவர் ஒன்று சொன்னால் ஆவுடை பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுவாள். ஐப்பசி மழையோடு மழையாக ஒருநாள் நல்லக்கண்ணுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உம்ம மவ நெஞ்சழுத்தக்காரி வே. கேள்வி கேட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கா. முதுகுல ஒண்ணு போட்டாத்தான் முழிக்கா. எத்தன பிள்ளையள மேச்சவன் நான், இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. வேற எடம் பாத்துக்கிடும்."

வீட்டுக்கு வந்ததும் வள்ளித்தாய் அவளைத் தடாப்புடாவென்று நாலு சாத்து சாத்தினாள். "வாத்தியாரு கேட்டா வாயத் தொறந்து சொன்னா என்னட்டி, மூதி? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" ஆவுடை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு அழுதாள்.

அடுத்ததாகத்தான் அந்த நல்ல வாத்தியார் வந்தார். சங்கரசுப்பிரமணியன். கணக்கில் பி.எஸ்.ஸி., நெற்றி நிறைய விபூதி, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பையன். காலையும் மாலையும் கோவில் தப்பாது. தறிச் சத்தம் கேட்காமல் இருக்கப் புறவாசலில் முருங்கை மரத்தடியில் இரண்டு பலகையைப் போட்டார்கள். வாத்தியார் கிணற்றைப் பார்த்து உட்காருவார். ஆவுடை அவருக்குப் பக்கவாட்டில். வள்ளித்தாய் சுளகில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டு காவல். கிணற்றுச் சுவருக்கு இருபடிச் சமன்பாடு சொல்லிக் கொடுப்பதைப் போல அவர் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போவார். புரிந்ததா என்று கேட்பார். ஆவுடை ஒன்றும் சொல்ல மாட்டாள். கூச்சம் போலிருக்கிறது என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். கணக்கு தெரிந்த பையன்தான், அதில் குற்றம் சொல்ல முடியாது.

வள்ளித்தாய்க்கு வாயெல்லாம் பல். "மாடத்தி, பிள்ளன்னா அது பிள்ள. குனிஞ்ச தல நிமிர மாட்டேங்காரு. எம் பொண்ணு எந்தக் கலர் தாவணி உடுத்திருக்கான்னு கேட்டாக்கூடத் தெரியாது அவருக்கு."

தெருவே மெச்சியது. மார்கழியில் அரையாண்டுப் பரீட்சை மார்க் வந்தது. காலாண்டை விடக் குறைச்சல்.

 தறி ஓட்டிக்கொண்டிருந்த நல்லக்கண்ணு இழை அறுந்ததைக் கவனிக்காமல் நின்றார். அவ்வளவு தூரம் சேலை பாழ். முதலாளி வந்து கத்திவிட்டுப் போனார். "மண்டையில ஏறலன்னா விட்டுத் தொலைங்களேன்" என்றாள் வள்ளித்தாய். அந்த நேரம் பார்த்து மாடத்தி ஒரு பேச்சுச் சொன்னாள். ரயில்வே ஸ்டேசன் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ராஜதுரை மகள் ஞானசெல்வி, வாத்தியார் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாளாம். பொம்பளை வாத்தியார், காவலுக்கு உட்காரவும் வேண்டாம்.

ஞானசெல்வி குடையும் கையுமாக வந்தாள். புறவாசல் முழுக்க மழைச் சகதி. "இங்கனயே இருந்துக்கிடுவோம் அண்ணாச்சி" என்று தறிக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். இந்தச் சத்தத்தில் என்ன படிப்பு ஏறும்? ஆனால் ஞானசெல்விக்கு வேறு வழியில்லாமல், ஆவுடையின் மூக்குக்கு நேரே முகத்தை வைத்து, தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்லித் தர வேண்டியிருந்தது. ஒரு வாரம்தான். அதற்குள் ஆவுடை தானே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு கணக்கு முடிந்ததும் அடுத்த கணக்கைக் கேட்டாள்.

"இந்தப் பிள்ளையவா மக்குன்னு சொன்னாவ?" என்று கேட்டாள் ஞானசெல்வி. "கற்பூரம்லா! நீங்க எங்க போயி யாரத் தேடினீய?"

நல்லக்கண்ணு தறியை நிறுத்திவிட்டு வந்து நின்று மகள் எழுதுவதைப் பார்த்தார். கரண்ட் இருக்கும்போது தறியை அவர் நிறுத்தி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு டீச்சருக்குக் காராச்சேவும் கருப்பட்டிக் காப்பியும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு சாயந்திரம் கரண்ட் போனது. தெருவே ஓய்ந்தது. ஞானசெல்வி நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு சாதாரணக் குரலில் பேச ஆரம்பித்தாள். எழுந்து, சுவரில் சாத்தியிருந்த சிலேட்டுப் பலகையில் படம் வரைந்துகொண்டே விளக்கினாள். திரும்பிப் பார்த்தால் ஆவுடை விழிக்கிறாள்.

"வெளங்குச்சா?"

"நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே டீச்சர்" என்றாள் ஆவுடை, தெருவுக்கே கேட்கிற குரலில்.

ஞானசெல்வி சாக்பீசைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு கணக்கைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, பைய நடந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். "ஆவுடை, உன் தாவணியில பல்லி விழுந்திருக்கு" என்றாள்.

அடுப்படியிலிருந்து வள்ளித்தாய் "எம்மா, எங்கன?" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். தறியைத் துடைத்துக்கொண்டிருந்த நல்லக்கண்ணு துணியைப் போட்டுவிட்டு வந்தார். ஆவுடை மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து நிமிர்ந்தவள், மூன்று பேரும் தன்னைச் சுற்றி நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனாள்.

"என்னம்மா? நான் என்ன செஞ்சேன்? சரியாத்தான போட்டிருக்கேன்?"

ஞானசெல்வி அவளுக்கு முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, பின்னால நின்னு பேசுனா உனக்குக் கேக்கலியா?"

ஆவுடை யோசித்தாள். "வாயப் பாத்தாத்தான டீச்சர் பேச்சு கேக்கும்? எல்லாருக்கும் அப்படித்தான?"

வள்ளித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி நான், பாவி நான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கூப்பிட்டா வரமாட்டா. அழுத்தக்காரின்னு எத்தன அடி அடிச்சிருப்பேன்! ஆடித்தபசுக் கூட்டத்துல பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே ஓடுதேன், இவ எனக்கு முன்னாலயே மசமசன்னு நடந்து போறா. வீட்டுக்கு வந்து சூடு போட்டேனே. எங் கை வெந்து போகாதா?"

நல்லக்கண்ணு ஓய்ந்து நின்ற தறிகளைப் பார்த்தார். தலைக்கு மேலே, தொட்டில் கட்டிய உத்தரத்தைப் பார்த்தார்.

பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். காது டாக்டர் என்னென்னவோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, கைப்பிள்ளையிலிருந்து தறிக்குள்ளேயே கிடந்த பிள்ளை, இனி மருந்து மாத்திரை எதுவும் கேட்காது என்றார். காதில் ஒரு மிசின் மாட்டினால் கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"மிசினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று பஸ்ஸில் ஏறியதுமே சொல்லிவிட்டாள் வள்ளித்தாய். "பாக்கவன்லாம் என்னதுன்னு கேப்பான். செவிட்டுப் பிள்ளைன்னு பேராயிப் போச்சுன்னா எவன் கட்டுவான்? நர்சுக்குத்தான் எவன் சேப்பான்? டீச்சர்ட்டச் சத்தியம் வாங்கியாச்சு. நீங்களும் யார்ட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. எந் தல மேல அடிச்சிச் சத்தியம் பண்ணுங்க."

அவர் பண்ணினார். வேறு என்ன செய்ய?

வள்ளித்தாய் கோவிலில் புற்றுமண் எடுத்துவந்து மகள் காதுக்குப் பின்னால் பூசினாள். வெள்ளியில் காது செய்து உண்டியலில் போட வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். ஆனால் சந்நிதிக் கடையில் காதை மட்டும் கேட்டால் யாருக்கு என்று கேட்பார்களே! பாம்பு, தேள், கண், கை, கால் என்று தேவையில்லாததை எல்லாம் வாங்கி, அதற்குள் காதையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கி வந்தாள். பள்ளிக்கூடத்தில் போய் முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னார் நல்லக்கண்ணு. ஏன் என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உயரமான பிள்ளை முன்னால் இருந்தால் மற்றவர்களுக்கு மறைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எல்லா நம்பிக்கையும் ஞானசெல்வி மேல்தான் நின்றது. அவளும் கைவிடவில்லை. தை மாசத்து மாதிரித் தேர்வில் ஆவுடை கணக்கில் பாஸ். அந்த மார்க்கை நல்லக்கண்ணு தறிக்காரர்கள் எல்லாரிடமும் கையை விரித்து விரித்துக் காட்டிச் சொன்னார்.

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியபோது ஞானசெல்வி படிப்பு நேரம் இல்லாத நேரத்தில் வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"அண்ணாச்சி, எனக்கு கவர்மெண்டு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு. தருமபுரிப் பக்கம். திங்கக்கெழம போயிச் சேரணுமாம்."

நல்லக்கண்ணு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்கூட முழுசாக இல்லை.

"நல்லதுதானம்மா" என்று ஒருவழியாகச் சொன்னார். "எத்தன வருசமா எதிர்பாத்துக்கிட்டிருந்த. நல்லா இரு தாயி."

"கொஞ்சம் தள்ளிப் போகலாமான்னு அப்பாட்டக் கேட்டுப் பாத்தேன். தலைல அடிச்சிக்கிடுதாவ."

"சேச்சே, அப்படிச் செய்யலாமா? வந்த லட்சுமியத் தள்ளப்படாது."

"வேற யாரையாச்சும் பாருங்க அண்ணாச்சி. கணக்கு தெரிஞ்சவங்க யாருன்னாலும் போதும். அவ முகத்தப் பாத்துப் பேசணும், அவ்வளவுதான். அது ஒண்ணுதான் வேணும்."

அது ஒன்றுதான் வேண்டும். நம் ஊரில் அந்த ஒன்றுக்குத்தான் பஞ்சம்.

கணக்கு தெரிந்த பொம்பளை வாத்தியார் வேறு யாரும் அகப்படவில்லை. குருசாமி சார் முகத்தில் விழிக்கவே முடியாது. நல்லக்கண்ணு சட்டையைப் போட்டுக்கொண்டு சங்கரசுப்பிரமணியன் வீட்டுக்குப் போனார். அவர் கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. தங்கச்சிக்குப் பரீட்ச வருதுல்லா?"

"அதுக்குத்தான் சார் வந்தேன். மறுபடியும் நீங்கதான் வந்து சொல்லித் தரணும்."

"வாரேன் அண்ணாச்சி. நமக்குள்ள என்ன?"

நல்லக்கண்ணு துண்டைக் கையில் முறுக்கினார். "ஒரே ஒரு விண்ணப்பம் சார். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அங்கிட்டுத் திரும்பி உக்காராம, எம் மவ மூஞ்சிக்கு நேர உக்காந்து, மூஞ்சியப் பாத்துப் பேசுனீயன்னா நல்லாருக்கும்."

சங்கரசுப்பிரமணியனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"நேருக்கு நேரா. வாய் தெரியுத மாதிரி."

"உங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா? வயசுப் பிள்ள. அதும் மூஞ்சியவும் வாயவும் பாத்துக்கிட்டு நான் உக்காரணுமா? தெருவுல நாலு பேரு என்ன பேசுவான்? எங்க வீட்டுல எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காவ. நீங்க என்ன மனசுல வச்சிக்கிட்டு இதக் கேக்கிய?"

அப்போதுதான் நல்லக்கண்ணுவுக்கு உறைத்தது, அந்தப் பையன் எதை நினைத்துப் பயப்படுகிறான் என்று. தன் மகளை அவன் தலையில் கட்டப் பார்ப்பதாக நினைக்கிறான்.

"ஐயோ, சத்தியமா அப்படி இல்ல சார்."

"பின்ன எதுக்கு? காரணத்தச் சொல்லுங்க."

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. வள்ளித்தாய் தலையில் அடித்துச் செய்த சத்தியமும் கூடவே வந்தது. பொம்பளைப் பிள்ளை வாழ்க்கை. இந்தப் பையன் நல்லவன்தான், ஆனால் வீட்டில் சொல்வான். வீடு தெருவுக்குச் சொல்லும்.

"காரணம்னு ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப என்னால முடியாது அண்ணாச்சி. நான் மானத்தோட இருக்கணும்னு நெனைக்கவன். வேற ஆளப் பாருங்க." அந்தப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவன் என்று பெயர் எடுத்தவனுக்கு வேறு என்ன தெரியும்? நல்லக்கண்ணு கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார்.

வீட்டுக்கு வரும்போது கரண்ட் இல்லை. தெருவே ஓய்ந்து கிடந்தது. வள்ளித்தாய் கோவிலுக்குப் போயிருந்தாள். ஆவுடை நடையில் வாசல் வெளிச்சத்தில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஆவுட" என்று கூப்பிட்டார்.

அவள் அசையவில்லை.

"எம்மா ஆவுட. எந் தங்கம்."

பேசினால் கேட்காது என்ற தைரியத்தில், வெளியே யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் அந்த முதுகிடம் சொன்னார். "அப்பனால முடியல மக்கா. ஒன்னத் தொட்டில்ல போட்டு நாந்தான் கெடுத்தேன். ஒரு வாத்தியாரக் கூட்டியார எனக்கு வக்கில்ல." சொல்லிவிட்டு மேல்துண்டால் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டார். தறியடியிலிருந்து கழிவு நூலை எடுத்து உருட்டி அவள் முதுகில் எறிந்தார்.

ஆவுடை திரும்பிச் சிரித்தாள். "எப்பப்பா வந்த? சார் வாராரா?"

அவர் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

"நான் வாசிக்கேன். நீ எம் மூஞ்சியப் பாரு."

வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு சொல்லாகக் கத்தி வாசித்தார். மூலங்கள். கெழுக்கள். காரணிப்படுத்துக. எதிர்வீட்டு மாடத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆவுடை கண் இமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முழுக்க வாசித்து முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"கேட்டுச்சா மக்கா?"

"எல்லாம் நல்லாக் கேட்டுச்சுப்பா" என்றாள் ஆவுடை. "என்னன்னுதான் புரியல."

நல்லக்கண்ணு புத்தகத்தைப் பார்த்தார். பிறகு, அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி முகத்தைத் தூக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னார்.

"எனக்கும் புரியல தாயி."